ஒரு துளி தண்ணி விட்டுப் பாருங்க

தம்பிமாரே, முதல்ல தேத்தண்ணியக் குடியுங்க. நான் கதைக்கத் தொடங்கினா அது ஆறிப்போகும். கபூர்ட வாய் ஓயாது எண்டு ஏறாவூர் முழுக்கத் தெரியும். நீங்களும் தெரிஞ்சுதானே வந்திருக்கீங்க.

அடுத்த கிழமை மூண்டு பேரும் போறீங்க. ஒருத்தர் ஓட்டமாவடி, ஒருத்தர் காத்தான்குடி, ஒருத்தர் கொக்கட்டிச்சோலை. நான் இருபத்திரெண்டு வருசம் நிண்ட அதே வளைகுடா விமானத்தளம், அதே எண்ணெய்ப் பகுதி. எந்த நாடு எண்டு நான் வாயால சொல்ல மாட்டன். அங்கத்த ஒப்பந்தம் அப்படி. உங்கட ஒப்பந்தத்திலயும் அது எழுதியிருக்கும், வாசிச்சிருப்பீங்க. வாசிக்காமத்தான் கையெழுத்து வச்சிருப்பீங்க, அதுவும் எனக்குத் தெரியும். இண்டைக்கு நான் சொல்லப் போறதும் ஒரு கையெழுத்தப் பத்தித்தான்.

அதுக்கு முந்தி ஒரு விசயம். ஊருக்குள்ள என்ன ஆருக்காவது அறிமுகம் செய்யிறெண்டா, "இவர் வெளிநாட்டுல பெற்றோல் செட்டுல நிண்டவர்" எண்டுதான் சொல்லுவாங்க. இப்ப உங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வச்சிட்டுப் போறாளே என்ட தங்கச்சி ஹமீதா, அவளும் அப்படித்தான் சொல்லுவாள். எனக்குக் கோவம் வரும். பெற்றோல் செட்டுல நிக்கிறவன் மோட்டார்சைக்கிளுக்கு எண்ணெய் அடிப்பான். நான் அடிச்சது, ஆகாயத்துல வச்சு மத்த பிளேனுகளுக்கு எண்ணெய் குடுக்கிற பிளேனுக்கு.

அது என்ன வேல எண்டு சொல்லுறன், கேளுங்க. சண்டை விமானம் எண்டது சரியான குடிகாரன். மேல ஏறிக் கொஞ்ச நேரத்துல வயிறு காஞ்சிடும். அதுக்காக ஒரு பெரிய பிளேன் வயிறு நிறைய எண்ணெயோட முன்னுக்கே போய் மேல சுத்திக்கொண்டு நிக்கும். இறக்கைச் செட்டையில இருந்து பின்பக்கமா நீளமா ஒரு ஹோஸ விடும். அதுட நுனியில ஒரு கூடை. பின்னால வாறவன் தன்ட மூக்குல நீட்டிக்கொண்டிருக்கிற குழாயைக் கொண்டுவந்து அந்தக் கூடைக்குள்ள செருகணும். ரெண்டு பேரும் பறந்துகொண்டே இருக்கணும், ஒருத்தரும் நிக்க ஏலாது. காத்து அடிக்கும், கூடை ஆடும். செருகின உடன எண்ணெய் பாயும். குடிச்சு முடிச்சவன் விலகிப் போவான், மத்தவன் வருவான்.

எண்ணெய் குடுக்கிற அந்த விமான அணி தொடங்கினது ரெண்டே ரெண்டு பழைய சாமான் ஏத்துற பிளேனோட. நாலு விசிறி வச்ச பிளேன். உள்ளுக்கு இருந்த ஆசனங்களக் கழட்டிப்போட்டு எண்ணெய்த் தாங்கி வச்சு, செட்டைக்குக் கீழ ஹோஸ் பூட்டினது. முதல் தரம் மேல போய் ஹோஸ விட்டா, அது திரும்ப உள்ளுக்கு வராதாம். ஹோஸத் தொங்கவிட்டுக்கொண்டே இறங்கினாங்களாம். எங்கட வேலையை மேற்பார்க்கிற போர்மன் அண்டைக்கு அங்க நிண்டவர். சூடான்காரர், நெடுத்த ஆள், குறைச்சலாப் பேசுவார். அவர்ட பேர் சொல்ல மாட்டன், அவருக்கு விருப்பம் இருக்காது. மறுகா பெரிய பெரிய பிளேன் எல்லாம் வந்தது. ஆனா அணியில எல்லாரும் சொல்லுற கதை ஒண்டுதான்: தாகத்தோட வந்தவன நாங்க ஒருநாளும் திருப்பி அனுப்பினதில்ல. விமானி தொடக்கம் கூட்டுறவன் வரைக்கும் இதச் சொல்லுவான். நானும் சொல்லுவன். எனக்கும் அதுல பங்கு இருக்கு.

பள்ளிவாசல்ல ஒருத்தர் கேட்டார், சண்டைக்குப் போற பிளேனுக்கு எண்ணெய் அடிச்சது மனசுக்கு உறுத்தலையா எண்டு. உறுத்தாம இருக்குமா? நாங்க யுத்தம் நடந்த ஊர் ஆக்கள்தானே. ஆனா அந்த அணிட வேலையில பாதி சண்டை இல்ல. கடல்ல காணாமப் போனவங்களத் தேடுற ஹெலிகொப்டருக்கு மேல வச்சு எண்ணெய் குடுக்கிறது, வெள்ளம் வந்த நாட்டுக்கு மருந்து கொண்டுபோற பிளேனுக்குத் துணை போறது, இப்படியும் எவ்வளவோ. பழைய நாலு விசிறிப் பிளேன் ரெண்டும் கடைசி வரைக்கும் அந்த வேலைக்குத்தான் நிண்டது. எனக்கு அதுகளத்தான் கூடப் பிடிக்கும்.

இப்ப எங்கட ஊர் ஆக்கள் மட்டும் செய்யக்கூடிய ஒரு மடவேலையச் சொல்லுறன். சிரிக்கிறெண்டா சிரிங்க.

நான் வேலைக்குப் போய் ரெண்டாம் நாள். எண்ணெய் ஏத்துற பவுசர் லொறிக்குப் பக்கத்துல நிக்கிறன். ஒரு சண்டை விமானம் திடீரெண்டு தலைக்கு மேல தாழப் பறந்து போனது. நெஞ்சு அதிர்ற சத்தம். நான் யோசிக்கவே இல்ல. என்ட கால் யோசிச்சது. ஒரே பாய்ச்சல், பவுசருக்குக் கீழ போய்க் குப்புறப் படுத்திட்டன். கண்ணத் திறந்து பாத்தா, எனக்கு முன்னால இன்னொருத்தன் காதப் பொத்திக்கொண்டு படுத்திருக்கான். அவன் என்னப் பாக்கிறான், நான் அவனப் பாக்கிறன்.

"எந்த ஊர்?" எண்டு தமிழ்லயே கேட்டான். எப்படிக் கண்டுபிடிச்சான் எண்டு நான் கேக்கல்ல. பிளேன் சத்தம் கேட்டு இப்படி ஓடுறவன் ஆரா இருப்பான் எண்டு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஏறாவூர். நீங்க?"

"மண்டூர். தவராசா."

போர்மன் குனிஞ்சு பாத்தார். மத்த நாட்டுப் பொடியன்மார் வயித்தப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறாங்க. அவர் சிரிக்கல்ல. "இவ்வளவு பெரிய தளத்துல ஒளிக்க இடம் தேடி, எண்ணெய்க்குக் கீழயா வந்து படுத்தீங்க?" எண்டார். உண்மைதானே. தலைக்கு மேல ஒரு பவுசர் நிறைய எண்ணெய். அண்டைக்கு வெளிய வந்த நேரம் தொடக்கம் தவராசா எனக்கு மச்சான். அவன் பவுசர் ஓட்டுவான், நான் எண்ணெய் அடிப்பன். அவன் இப்ப வெல்லாவெளிப் பக்கத்து வயல்வட்டையில வேளாண்மை செய்யிறான். பின்னேரத்துல போன் அடிப்பான், ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் ஏசிப்போட்டுத்தான் வைப்பம்.

சரி, இனி விசயத்துக்கு வாறன்.

ஒவ்வொரு நாளும் காலையில பவுசர்ட அடியில இருக்கிற குழாயைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தல்ல எண்ணெய் பிடிச்சுப் பாக்கணும். எண்ணெயை விடத் தண்ணி பாரம். தண்ணி இருந்தா அடியிலதான் கிடக்கும். போத்தலத் தூக்கி வெளிச்சத்துல பிடிப்பம். கலங்கல் இருந்தா அல்லது அடியில மணி மணியாத் தண்ணி நிண்டா, அந்தப் பவுசர் அசையக் கூடாது. தெளிவா, மினுக்கமா இருந்தா சரி. மறுகா ஒரு சின்னக் குளிசைய ஊசிக்குழாய் நுனியில பூட்டி எண்ணெயை இழுத்துப் பாப்பம், தண்ணி பட்டா அது பச்சையா மாறும். பாத்து முடிஞ்சு புத்தகத்துல "தெளிவு, மினுக்கம், தண்ணி இல்ல" எண்டு இங்கிலீசில எழுதிக் கையெழுத்து. இதெல்லாம் உங்களுக்குப் படிப்பிப்பாங்க.

போர்மனுக்கு இதோட இன்னொரு பழக்கம் இருந்தது. புத்தகத்துல இல்லாதது. பிடிச்ச போத்தலுக்குள்ள விரலால ஒரு துளி தண்ணி விடச் சொல்லுவார். அந்தத் துளி மணி மாதிரி உருண்டு அடிக்குப் போறதப் பாத்திட்டுத்தான் எங்கள விடுவார். ஏன் எண்டு நாங்க கேக்கல்ல, அவரும் சொல்லல்ல. ஓதி ஊதுற மாதிரி ஏதோ ஒண்டு எண்டு நினைச்சம். தண்ணி இல்லாத எண்ணெயில தண்ணிய விடுறது என்ன புத்தி எண்டு தவராசா பகிடி பண்ணுவான். அவர் நிக்காத நாள்ல அதச் செய்யவும் மாட்டம்.

அந்த நாள் வந்தது பனிமூட்டக் காலத்துல. சுபஹ் தொழுதிட்டு வாறன், ஒபீசில ஒரே பரபரப்பு. கடல்ல ஒரு மீன்பிடி வள்ளம் கவிழ்ந்து ஆக்கள் தத்தளிக்கிறாங்க, ரெண்டு ஹெலிகொப்டர் தேடிப் போயிருக்கு, தூரம் கூட. மேல வச்சு எண்ணெய் குடுக்காட்டி அதுகள் பாதியில திரும்பணும். நாலு விசிறிப் பிளேன் ஒண்டு உடனடியா ஏறணும். போர்மன் தளத்துட மத்தப் பக்கம், எண்ணெய்க் கிடங்குல நிக்கிறார்.

எங்கட பவுசர் முந்தின நாள்தான் கராஜால வந்தது. தாங்கியக் கழுவி, தண்ணிய மறிக்கிற பில்டர் புதுசு மாத்தி அனுப்பியிருந்தாங்க. குளிசைப் பெட்டியத் திறந்தா வெறும் பெட்டி. ஒபீசுக்குப் போய் எடுத்து வரணும், அதுக்கு நேரம் எங்க? போத்தலப் பிடிச்சன். தூக்கிப் பாத்தன். அவ்வளவு தெளிவு. அப்படி ஒரு சுத்தமான போத்தல் நான் கண்டதே இல்ல. கராஜ்காரன் நல்லாக் கழுவியிருக்கான் எண்டு மனசுக்குள்ள மெச்சினன். மணந்து பாக்கலையா எண்டு கேப்பீங்க. எங்கட உடுப்பு, கை, சாப்பாடு எல்லாத்திலயும் எண்ணெய் மணம்தான், எங்கட மூக்கு எப்பவோ செத்துப்போச்சு. துளி விடுற கதை ஞாபகத்துக்கு வந்தது. விடல்ல. எழுதினன், "தெளிவு, மினுக்கம், தண்ணி இல்ல". கையெழுத்து வச்சன்.

எண்ணெய் அடிச்சு முடிச்சு, ஹோஸச் சுருட்டி, தவராசாவுக்குப் பக்கத்துல ஏறி இருந்தன். வண்டி திரும்பிப் போகுது. பின்னால பிளேன்ட முதல் விசிறி சுத்தத் தொடங்குற சத்தம். புழுக்கத்துல வேர்வை கண்ணுக்குள்ள இறங்கிச்சு. சட்டைக் கையால துடைச்சன். அந்தக் கை போத்தல் பிடிக்கக்குள்ள தெப்பமா நனைஞ்ச கை.

கண் எரியல்ல.

தம்பிமாரே, அந்த எண்ணெய் ஒரு துளி கண்ணுல பட்டா கண்ணப் பிடுங்கி எறியலாம் போல இருக்கும். எத்தனையோ தரம் பட்டிருக்கு. நான் திரும்பவும் துடைச்சன். எரியல்ல. சட்டைக் கைய நாக்குல வச்சுப் பாத்தன். ஒரு உருசையும் இல்ல. அப்பதான் விளங்கிச்சு. போத்தல்ல கொஞ்சம் தண்ணி கலந்திருந்தா கலங்கியிருக்கும், மணி மணியா நிண்டிருக்கும். போத்தல் முழுக்கத் தண்ணியா இருந்தா? தெளிவாத்தானே இருக்கும். மினுக்கமாத்தானே இருக்கும். கராஜ்ல கழுவின தண்ணி அடியில அப்படியே நிண்டிருக்கு. நான் பச்சைத் தண்ணியப் பாத்து நல்ல எண்ணெய் எண்டு எழுதி வச்சிருக்கன்.

"மச்சான், வண்டியத் திருப்பு."

"என்னத்த விட்டுட்டு வந்தாய்?"

"தண்ணி, மச்சான். பிளேனுக்குள்ள தண்ணி போயிருக்கு."

அவன் பிரேக்க மிதிச்சிட்டான். "பில்டர் மறிச்சிருக்குமே."

"மறிச்சிருக்கலாம். மறிக்காமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது."

"கையெழுத்து வச்சிட்டியா?"

"வச்சிட்டன்."

அவன் என்னப் பாத்தான். அந்த நேரம் என்ட நிலைமை அவன் ஒருத்தனுக்குத்தான் முழுசாத் தெரியும். எங்கட பக்கம் பொம்பிளைப் புள்ளைக்கு வீடு கட்டிக் குடுத்துத்தானே கலியாணம். வாப்பா மௌத்தாகி, ஹமீதாட வீடு என்ட தலையில. சுவர் எழும்பிட்டுது, கூரை இல்ல. கூரை போட்டாத்தான் கலியாணம். வேல போனா எல்லாம் போச்சு. நான் வாயத் திறக்காம இருந்தா என்ன நடக்கும்? ஒண்டும் நடக்காம இருக்கலாம். பில்டர் முழுசையும் மறிச்சிருக்கலாம். பிளேன் போய், குடுத்து, வந்து இறங்கியிருக்கலாம். அப்படி எண்டா ஒருத்தருக்கும் ஒரு காலமும் தெரிய வராது. அல்லது பிளேன் ஏறின கையோட எஞ்சின் நிண்டு, உள்ளுக்கு இருக்கிற ஆறு பேரும் போயிருக்கலாம். அல்லது அந்தத் தண்ணிய ஹெலிகொப்டருக்கும் குடுத்து, அவங்களும் கடல்ல விழுந்திருக்கலாம். இதுல எது நடக்கும் எண்டு தெரியாம இருக்கக்குள்ளதான் தம்பி மனுசன் ஆர் எண்டு தெரியிறது. எனக்குப் பயம். அத ஒளிச்சுக் கதைக்க மாட்டன்.

"திருப்பு மச்சான்" எண்டன் திரும்ப.

"அப்ப நல்லாப் பிடிச்சுக்கோ" எண்டான். ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சான்.

எங்கட ரேடியோ எண்ணெய் ஒபீசோட மட்டும்தான் பேசும். ஒபீசில இருந்து கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு, கோபுரத்துல இருந்து விமானிக்கு. நான் ரேடியோவில கத்தினன், "நிப்பாட்டுங்க, எண்ணெய் பிழை, நிப்பாட்டுங்க." மத்தப் பக்கத்துல ஆரோ "திருப்பிச் சொல்லு, திருப்பிச் சொல்லு" எண்டு கேட்டுக்கொண்டிருக்கான். இஞ்ச நாலு விசிறியும் சுத்துது, சக்கரத்துக் கட்டைய எடுத்திட்டாங்க. தவராசா பவுசரக் கொண்டுபோய்ப் பிளேன் வெளிய போற பாதைக்குக் குறுக்கால, நல்ல தூரத்துல நிப்பாட்டினான். அது செய்யவே கூடாத வேல. துவக்கோட நிக்கிற காவல்காரன் சுட்டாலும் கேள்வி இல்ல. நான் இறங்கி, ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்காப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். நில் எண்டு அர்த்தம். துவக்குக்காரங்க ரெண்டு பேர் ஓடி வந்து என்ன முழங்கால்ல இருத்தினாங்க. கை மட்டும் கீழ இறங்கல்ல.

விசிறி ஒவ்வொண்டா நிண்டது. விமானி இறங்கி வந்தார். இளம் ஆள், முகம் சிவந்து போய். அவரோட எஞ்சின் பாக்கிற வயசான சார்ஜன்.

"கடல்ல ஆக்கள் சாகுறாங்க, உனக்கு என்ன பைத்தியமா?" எண்டார் விமானி.

"சேர், நான் அடிச்ச எண்ணெயில தண்ணி. பிழை என்ட."

சார்ஜன் நேராப் போய், செட்டைக்கு அடியில இருக்கிற குழாயைத் திறந்து ஒரு போத்தல் பிடிச்சுக்கொண்டு வந்தார். வெயிலுக்குப் பிடிச்சார். கண்ணாடி மாதிரித் தெளிவு. "பார், எவ்வளவு சுத்தம். இதுக்கா எங்கள மறிச்சாய்?" எண்டு அத என்ட முகத்துக்கு நேர நீட்டினார். விமானி திரும்பிப் பிளேனுக்கு நடக்கத் தொடங்கிட்டார்.

முழங்கால்ல இருந்தபடியே கத்தினன், "மச்சான், உன்ட குடிதண்ணிப் போத்தலக் கொண்டு வா."

தவராசா ஓடி வந்தான். நான் விரல அவன்ட தண்ணியில தோய்ச்சு, சார்ஜன்ட போத்தலுக்கு மேல பிடிச்சன். ஒரு துளி விழுந்தது. மணி இல்ல. உருளல்ல. அடிக்குப் போகல்ல. விழுந்த இடத்திலயே இல்லாமப் போச்சு. தண்ணியோட தண்ணி.

சார்ஜன் இன்னொரு துளியத் தானே விட்டுப் பாத்தார். மறுகா போத்தல வாயில வச்சு ஒரு மிடறு எடுத்து, நிலத்துல துப்பினார். "கப்டன்" எண்டு கூப்பிட்டார். குரல் அடங்கிப் போச்சு. விமானி அப்படியே நிண்டிட்டார். முப்பது வருசம் பிளேன் பாத்த மனுசன், அவர்ட கண்ணையும் அந்தத் தெளிவு ஏமாத்திப் போட்டுது பாருங்க.

போர்மன் தன்ட வண்டியில பறந்து வந்தார். போத்தலப் பாத்தார், என்னப் பாத்தார். ஏசுவார் எண்டு நினைச்சன். "ரெண்டாவது பிளேன வெளிய இழுங்க. மற்றப் பவுசரக் கொண்டு வாங்க" எண்டு உத்தரவு குடுத்திட்டு, எனக்கு விரல நீட்டினார். "நீ நிரப்பு."

"நானா?" எண்டன். எனக்கு அழுகை வந்திட்டுது.

"இண்டைக்கு இந்தத் தளத்துல தண்ணிக்கு உன்னவிடப் பயந்தவன் ஒருத்தனும் இல்ல. எழும்பு. நிரப்பு."

நிரப்பினன். போத்தல் பிடிச்சன், குளிசை போட்டன், துளி விட்டன். துளி உருண்டு அடிக்குப் போனதப் பாக்கக்குள்ள, அல்ஹம்துலில்லாஹ் எண்டு சத்தமாவே சொன்னன். வெளிய இழுத்த அந்த ரெண்டாவது பிளேன்தான், அணி தொடங்கின நாள்ல ஹோஸத் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கின அதே பிளேன். ஏறிப் போச்சு. ஒரு ஹெலிகொப்டர் அதுக்கு முந்தியே திரும்பிட்டுது. மத்தது திரும்புறதுக்கு ஆயத்தமா நிக்கக்குள்ள இவங்க போய்ச் சேர்ந்து, எண்ணெய் குடுத்து, அது இன்னும் தேடி, நாலு பேர உயிரோட தூக்கிச்சு. அந்த வள்ளத்துல அஞ்சு பேர். அஞ்சாவது ஆள் விடியிறதுக்கு முந்தியே போயிட்டார் எண்டு மத்தவங்க சொன்னாங்களாம். சொன்னது உண்மையா, நாங்க சுணங்கினதாலயா எண்டு நான் கன நாள் யோசிச்சிருக்கன். இண்டைக்கும் தொழுதிட்டு அவருக்கு ஒரு துஆ கேக்கிறன். பேர் கூடத் தெரியாது.

பில்டரக் கழட்டிப் பாத்தா, ஒரு பக்கம் சரியா இறுகாம விட்டிருக்கு. தண்ணி அதால போயிருக்கு. கராஜ்காரனுக்கும் விசாரணை, எனக்கும் விசாரணை. அது வரைக்கும் வேலையில்லை, அறையில இரு எண்டாங்க. மூண்டாம் நாள் ஹமீதாவுக்குப் போன் எடுத்தன். எல்லாத்தையும் சொன்னன். வேல போகும் போல, கூரை பிந்தும், கலியாணமும் பிந்தும், என்ன மன்னிச்சுக்கோ எண்டன்.

எல்லாத்தையும் கேட்டுட்டு அவள் சொன்னாள்: "கூரை பிந்தினாப் பிந்தட்டும் காக்கா. ஆர்ட உயிரையும் எடுத்திட்டு வந்து என்ட தலைக்கு மேல ஓடு போட வேணாம்." இப்ப உள்ளுக்கு நிண்டு கேட்டுக்கொண்டுதான் இருக்காள், கேக்காத மாதிரி. கேக்கட்டும். இருபத்திரெண்டு வருசத்துல எனக்குக் கிடைச்ச பெரிய பட்டம் அதுதான்.

விசாரணையில தளபதி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீ பேசாம இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. ஏன் திரும்பி வந்தாய்?"

"சேர், நானும் தவராசாவும் பிளேன் சத்தம் கேட்டா ஓடி ஒளிச்சு வளர்ந்த ஆக்கள்" எண்டன். "எங்கட கையால ஒரு பிளேன் விழக் கூடாது."

ஒரு வருசம் எனக்குக் கையெழுத்து அதிகாரம் இல்ல எண்டு தீர்ப்பு. வேல இருந்தது. தவராசா போத்தல் பிடிச்சுக் கையெழுத்து வைப்பான், நான் பவுசர் ஓட்டுவன். ஒவ்வொரு நாளும் ஏறக்குள்ள, "டிரைவர், வண்டிய எடு" எண்பான் களவாணி. அந்த ஒரு வருசத்த நான் வெக்கமா நினைக்கல்ல. அந்தத் தண்டனை எனக்குத் தேவையாத்தான் இருந்தது. கூரையும் போட்டம், கலியாணமும் நடந்தது. நீங்க இப்ப தேத்தண்ணி குடிக்கிறது அந்தக் கூரைக்குக் கீழதான்.

போன அறுவடையில தவராசாட வெட்டு மெஷின் வட்டைக்கு நடுவுல நிண்டிட்டுது. மழை கறுத்துக்கொண்டு வருது. மெக்கானிக் என்னென்னமோ கழட்டிப் பாக்கிறான். தவராசா டீசலக் கொஞ்சம் போத்தல்ல பிடிச்சு, ஒரு துளி தண்ணி விட்டிட்டு எனக்குப் போன் அடிக்கிறான்: "மச்சான், துளியக் காணல்ல." வரம்புல நிண்டுகொண்டு ஒரே சிரிப்பு. தாங்கிய வடிச்ச உடன மெஷின் ஓடிட்டுது.

இனி நான் உங்களக் கூப்பிட்டது எதுக்கு எண்டு சொல்லுறன்.

அண்டைக்கு ரெண்டாவது பிளேன் ஏறின உடன போர்மன் என்னப் புத்தகத்துக்கு முன்னால இருத்தினார். காலையில நான் எழுதின பக்கம், "தெளிவு, மினுக்கம், தண்ணி இல்ல", கீழ என்ட கையெழுத்து. கிழிச்சுப் போடப்போறார் எண்டு நினைச்சன். பேனையத் தந்து, "இதுக்குக் கீழ நடந்தத எழுது" எண்டார். எழுதப் பாத்தன். ஒரு இங்கிலீசுச் சொல்லும் வருகுதில்ல. "உனக்குத் தெரிஞ்ச மொழியில எழுது. வாசிக்கிறது எங்கட சோலி" எண்டார். தமிழ்ல எழுதினன். தவராசா அவருக்கு அதச் சொல்லிக் காட்டினான். அவர் கேட்டுட்டு, எனக்குக் கீழ தன்ட கையெழுத்தையும் வச்சார். "துளி ஏன் எண்டு உங்களுக்கு நான் சொல்லித் தரல்ல. அது என்ட பிழை" எண்டார்.

அவர் தன்ட நாட்டுக்குப் போக முந்தி அந்தப் பக்கத்தக் கண்ணாடிச் சட்டத்துல போட்டு எண்ணெய் ஒபீசில மாட்டிட்டுப் போனார். துளி விடுறது இப்ப அங்க விதி, புத்தகத்துலயே இருக்கு. புதுசா வாறவன் எந்த நாட்டுக்காரனா இருந்தாலும், முதல் நாள் அந்தச் சட்டத்துக்கு முன்னால நிண்டு ஒரு போத்தல்ல துளி விட்டுக் காட்டித்தான் வேலைக்கு இறங்கணும். உங்களையும் நிப்பாட்டுவாங்க.

மேல இருக்கிற இங்கிலீச எல்லாரும் வாசிப்பாங்க. கீழ கோணல் மாணலா இருக்கிற எழுத்த ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாது. தவராசாவும் வந்திட்டான், நானும் வந்திட்டன். இப்ப அங்க தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஆள் இல்ல. நீங்க மூண்டு பேரும்தான். அதனால சத்தமா வாசியுங்க, நிக்கிறவங்களுக்கு அர்த்தமும் சொல்லுங்க. "போத்தல் தெளிவாத்தான் இருந்தது. உள்ளுக்கு இருந்தது தண்ணி. துளி விட்டுப் பாக்காமக் கையெழுத்து வச்சவன் நான். கபூர், ஏறாவூர்." அவ்வளவுதான் எழுதியிருக்கு.

ஆர் இந்தக் கபூர் எண்டு கேப்பாங்க. எங்கட ஊர் ஆள் எண்டு சொல்லுங்க.